பவளம் குடிபெயர்தல்



பவளம் என்றவுடன் மோதிரத்தில் பதிக்கும் செம்மணிதான் நம் நினைவுக்கு வரும். அம்மணி பெரும்பாலும் மத்தியதரைக் கடலிலிருந்து வருவது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே, மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சூழ்ந்து வளரும் பவளம் வேறு. அது கல்லும் அன்று, கொடியும் அன்று, உயிருள்ள விலங்கு. 'பவளப் பூச்சி' என்று வழங்கும் பெயரும் பொருத்தமானதன்று. அது பூச்சியினத்தைச் சேர்ந்ததே அன்று. கடுகளவும் மிளகளவுமான எண்ணற்ற உயிர்கள் கூடி, தம் உடலின்கீழ்ச் சுண்ணாம்பினால் வீடு கட்டிக்கொள்கின்றன. அவற்றின் சதைக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருந்து, கதிரொளியால் உணவு சமைத்து, வீட்டுக்காரருக்கும் பங்கு கொடுக்கின்றன. கடற்சாமந்தி இதே குடும்பத்து உறவினர்; ஆனால் சுண்ணாம்பு வீடு கட்டத் தெரியாதவர்.

இவ்வுயிர்களை ஓரிடத்திலிருந்து பெயர்த்து வேறிடத்தில் வாழவைக்க முடியுமா? இதுவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். எங்கள் மேலநீலிதநல்லூர் கடல் காணாத ஊர்தான். எனினும் மிளகாய் நாற்றைப் பிடுங்கி நடும் உழவர் யாருக்கும் இதன் அடிப்படை விளங்கிவிடும். வெயில் தாழ்ந்த பின் நடுகிறார். வேரோடு சிறிது மண்ணையும் சேர்த்தெடுக்கிறார். நட்டவுடன் நீர் விடுகிறார். இடம் மாறினாலும் நாற்றுக்கு நிலை மாறியதாகத் தோன்றக்கூடாது என்பதே அவர் கருத்து.

கண்ணாடித் தொட்டியில் கடலுயிர் வளர்ப்போரும் இதையே செய்கின்றனர். பவளத்தை நகர்த்தும்போது சதையைத் தொடாமல், அடிக்கல்லைப் பிடித்தே எடுக்க வேண்டும். மங்கிய ஒளியில் இருந்ததை ஒரே நாளில் விளக்கின் அருகே உயர்த்தினால் உள்ளிருக்கும் பாசிகள் வெளியேறிவிடும், பவளம் வெளுத்துப்போகும். ஆகவே சில வாரங்களில் படிப்படியாகவே உயர்த்துவர். பக்கத்துப் பவளத்திலிருந்து இடைவெளியும் வேண்டும். பகலில் சாதுவாக இருக்கும் சில இனங்கள் இரவில் நீண்ட கொட்டும் இழைகளை நீட்டி, அண்டை வீட்டாரைச் சுட்டெரித்துவிடும்!

கடற்சாமந்தியின் செய்தி சுவையானது. அதற்கு அடியில் தட்டுப் போன்ற ஒரு பாதம் உண்டு. அதைக் கொண்டு பாறையைக் கவ்விக்கொள்ளும். விரும்பினால் மெல்ல ஊர்ந்தும் செல்லும். இழுத்துப் பெயர்த்தால் பாதம் கிழியும். கிழிந்த இடம் அழுகும். ஒன்று அழுகினால் தொட்டி நீர் முழுவதும் கெட்டுவிடும். எனவே கல்லோடு சேர்த்துத் தூக்குவதே முதல் வழி. அது இயலாதாயின், இருக்கும் இடத்தை நிழலாக்கி நீரோட்டத்தைச் சற்று மிகுத்துவிட்டு, அது தானே புறப்படும் வரை காத்திருக்க வேண்டும். அவ்வாறு அலையும் நாட்களில் நீர் இறைக்கும் பொறியின் வாயை வலையிட்டு மூடாவிட்டால், அதில் சிக்கி மாளும். நாம் தேர்ந்த இடத்தில் அது தங்கும் என்பதும் உறுதியில்லை. இடத்தை முடிவு செய்வது சாமந்தியே.

இதைக் கேட்டுவிட்டுக் கடலில் ஒரு கிளையை ஒடித்துவர எவரும் புறப்பட வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001இல் பாறை கட்டும் பவளங்கள் சேர்க்கப்பட்டன. அவற்றை எடுப்பது குற்றம். இக்கலையின் பெரும்பயன் தொட்டியில் இல்லை, கடலில்தான் இருக்கிறது.

மன்னார் வளைகுடாவில் நெடுங்காலம் சுண்ணாம்புக் காளவாசல்களுக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தபோது கணக்கிட்ட 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கிவிட்டன. அரணாக நின்ற பாறையை வெட்டியது இதற்கு ஒரு காரணம் என்பர். அழிந்த இடங்களில், தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் 2002 முதல் பவளம் நட்டுவருகின்றனர். நலமுள்ள பவளத்திலிருந்து சிறு துண்டுகளை எடுத்து, சிமெண்டுக் கட்டுமானங்களில் அசையாமல் கட்டிக் கடலடியில் வைக்கின்றனர். அசைவது ஆகாது, அலை புரட்டும் துண்டு ஒருபோதும் பற்றாது.

ஆயினும் ஓர் இடர் உண்டு. 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் கடல்நீர் அளவு கடந்து சூடேறி, வளைகுடாப் பவளங்கள் பரவலாக வெளுத்தன. தொட்டியில் சூட்டைத் தணிக்கக் கருவி உண்டு, கடலுக்கு ஏது? அவ்வேளையில் மான்கொம்பு போல் கிளைத்து வளரும் இனங்களே மிகுதியாக மடிந்தன. உருண்டைக் கல்லாக வளரும் இனங்கள் பெரும்பாலும் தாங்கின. கிளைப்பவளமோ விரைந்து வளர்வது, எளிதில் துண்டாக்கி நடத்தக்கது, மீன்குஞ்சுகளுக்குப் புகலிடமாவது. உருண்டைப் பவளம் ஓராண்டில் ஒரு விரற்கடை வளர்வதே அரிது. அடுத்த சட்டத்தைக் கடலில் இறக்கும்போது எதைக் கட்டி அனுப்புவது என்பதே இன்று அங்குள்ளோர் முன்னிற்கும் கேள்வி.