கூடி ஓதுதலும் தனித்திருத்தலும்



இன்றைய பேச்சை ஒரு கிளியின் கதையோடு தொடங்குகிறேன். கூத்தன் ஒருவன் தான் வளர்த்துப் பேசப் பழக்கிய கிளியைப் பிக்குணிகளின் மடத்தில் மறந்து விட்டுச் சென்றான். மடத்துத் தலைவி அதனை நோக்கி, “நீ உள்ளத்தில் இருத்திச் சிந்திக்கும் பொருள் ஏதேனும் உண்டோ?” என வினவினார். “இல்லை அம்மையே” என்றது கிளி. “துறவிகளோடு வாழ்பவர் சோர்வாய் இருத்தல் தகாது, ‘எலும்பு, எலும்பு’ என்றேனும் எண்ணிக்கொண்டிரு” என்று அவர் கற்பித்தார். ஒரு நாள் காலை வாயில் மேல் அமர்ந்து வெயில் காய்ந்த கிளியைப் பருந்து ஒன்று கவ்விச் சென்றது. இளந்துறவியர் கூவியும் கல்லெறிந்தும் அதனை மீட்டனர். “பருந்து பற்றியபோது என்ன நினைத்தாய்?” என்று தலைவி கேட்டார். “ஓர் எலும்புக் குவியல் மற்றோர் எலும்புக் குவியலைக் கொண்டு செல்கிறது, இது எங்கே சிதறுமோ என்று நினைத்தேன், வேறொன்றும் நினைக்கவில்லை” என்றது கிளி.

இக்கதை சதிபட்டான சூத்திரத்துக்குப் புத்தகோசர் 5-ஆம் நூற்றாண்டில் பாலி மொழியில் எழுதிய உரையில் உள்ளது. உடல், உணர்ச்சி, சித்தம், தருமங்கள் என்னும் நான்கினையும் இடைவிடாது உற்று நோக்கும் முறையைப் புத்தர் அச்சூத்திரத்தில் வகுத்துரைத்தார். குரு நாட்டில் கம்மாசதம்மம் என்னும் ஊரில் அது அருளப்பெற்றது. அந்நாட்டுப் பெண்டிர் நீர்த்துறையிலும் நூல் நூற்கும் இடத்திலும் வீண் பேச்சை விடுத்து, “நீ எப்பயிற்சியைக் கைக்கொண்டாய்?” என்று ஒருவரையொருவர் வினவுவார்களாம். தனித்திருந்து பயில்வதும் கூடியிருந்து பேசுவதும் அவ்வூரில் இணைபிரியாமல் இருந்தன என்பதே உரையாசிரியர் நமக்குக் காட்டும் காட்சி.

தமிழராகிய நமக்கு இவ்வுரையில் தனி உரிமை ஒன்று உண்டு. மயூரபட்டினத்தில் தம்மோடு முன்னர் உறைந்த புத்தமித்திரர் வேண்டியதால் அதனை எழுதியதாகப் புத்தகோசர் நூலின் முடிவில் குறிப்பிடுகிறார். அவ்வூர் மயிலாப்பூர் என்பாரும் மயிலாடுதுறை என்பாரும் உளர். மற்றொரு நூலின் முடிவில், காஞ்சியில் தம்மோடு இருந்த சோதிபாலரை நினைவுகூர்கிறார். ஒருங்கிருந்து ஓதிய நண்பர்களின் வேண்டுகோளே பேருரைகளாக விளைந்தது. பின்னர் நம் நாட்டில் அவ்வோசை அடங்கிற்று.

அடங்கிய அவ்வோசையை இன்று கேட்க விரும்புவோர்க்குக் கொல்கத்தா ஏற்றதோர் இடம். அங்கு அதனை எழுப்பியவர்களும், உங்களைப் போலவே, பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். இலங்கையராகிய அநகாரிக தருமபாலர் 1891-இல் கொழும்பில் நிறுவிய மகாபோதி சங்கம் மறு ஆண்டே கல்கத்தாவில் நிலைகொண்டது. காலேஜ் ஸ்குவேர் அருகே அதன் விகாரை 1920-இல் திறக்கப்பட்டது. சிட்டகாங்கிலிருந்து வந்த கிருபாசரண மகாஸ்தவிரர் 1892-இல் பௌத்த தர்மாங்குர சபையை நிறுவினார். பிழைப்புத் தேடி வந்த பருவா வகுப்பினர்க்குப் பௌபஜாரில் அச்சபையின் விகாரையே தாய்வீடாயிற்று.

அவ்வகுப்பிற் பிறந்தவரே தீபா மா எனப் போற்றப்பட்ட நனி பாலா பருவா. பர்மாவில் வாழ்ந்த காலத்தில் இரு குழந்தைகளையும், 1957-இல் கணவரையும் இழந்து, நோயுற்று, துயரத்தில் ஆழ்ந்தார். தியானம் அவரை மீட்டது. 1967-இல் கல்கத்தாவுக்கு வந்து, 1989-இல் மறையும்வரை, சிறு குடியிருப்பொன்றில் அண்டை வீட்டுப் பெண்களுக்கும் கடல் கடந்து வந்தோர்க்கும் பயிற்சி அளித்தார். துணி தேய்க்கும்போதும் பிள்ளைக்குப் பாலூட்டும்போதும் விழிப்போடு இருக்கலாம் என்பது அவர் போதனை. குரு நாட்டு நீர்த்துறை கல்கத்தாவின் அடுக்களையில் மீண்டும் தோன்றியது எனலாம்.

நீண்ட தனிமையை நாடுவோர்க்கு, கோயங்கா அவர்களின் மரபில் அமைந்த மையம் ஒன்று சோத்பூரில் கங்கைக் கரையில் உள்ளது. முதற் பயிற்சி பத்து நாள், கட்டணம் கிடையாது, மௌனம் கட்டாயம். இம்மரபில் சதிபட்டான சூத்திரத்தையே பாடமாகக் கொண்ட பயிற்சியும் உண்டு. ஆயின் அது பத்து நாட் பயிற்சிகளை முன்னரே முடித்தவர்க்கு உரியது. பகலெல்லாம் பயின்றதை மாலைச் சொற்பொழிவு சூத்திரத்தோடு பொருத்திக் காட்டும்.

பத்து நாள் ஒதுக்க இயலாதவர்கள் என் செய்வது? ஐந்தாறு பேர் கூடுங்கள். ஒரு சனி மாலையும் ஒரு ஞாயிறும் போதும். மூச்சினை நோக்கும் முதற்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கேட்கட்டும். அதன்பின் மறுநாள் நண்பகல்வரை மௌனம், தொலைபேசியும் உறங்கட்டும். அமர்ந்தும் உலவியும் பயின்றபின் பேசத் தொடங்குங்கள். முதலில் சூத்திரம் சொல்வது யாது என்பதும், அடுத்துத் தாம் கண்டது யாது என்பதும் முறையாக வரட்டும். ஒருவர் கண்ட அனுபவத்தை மற்றவர் திருத்த முற்பட வேண்டாம். சொல்லில் ஐயம் எழுந்தால் நூலையே மீண்டும் திறவுங்கள். ஆழ்ந்த மனத்துயரில் இருப்பவர் தேர்ந்த ஆசிரியரின்றி நெடுநேர மௌனத்தில் இறங்குதல் நன்றன்று.

பேச்சினால் வரும் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு. ‘சதி’ என்பது வடமொழியில் ‘ஸ்மிருதி’. வங்க நண்பர் அச்சொல்லைக் கேட்டதும் ‘நினைவு’ என்பார். தமிழில் பௌத்தம் எழுதியோர் அதனை ‘நற்கடைப்பிடி’ என்றனர். கடைப்பிடி என்பதற்குக் கொண்ட பொருளை மறவாமை என்றே பழைய உரைகாரர் பொருள் கூறினர். மறவாமையும் பற்றி நிற்றலும் அவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளன. இருவரும் சேர்ந்து பேசும்போதுதான், பழக்கத்தால் நாம் கேளாது விட்ட நம் சொல்லின் ஆழம் நமக்கே புலனாகிறது.

தனித்திருப்பவன் தன் எண்ணத்தையே உண்மையென மயங்கக்கூடும். பேசிக்கொண்டே இருப்பவன் சொல்லையே ஞானமென மயங்கக்கூடும். ஒன்றின் பிழையை மற்றொன்று திருத்தும். அதனாலேயே போலும், தன்னிடத்தும் நோக்குக, பிறரிடத்தும் நோக்குக என்று அச்சூத்திரம் பகுதிதோறும் திரும்பத் திரும்ப அறிவுறுத்துகிறது.

ஊரை விட்டு வந்தபோது வீட்டையும் நிலத்தையும் நாம் கொண்டுவர இயலவில்லை. ஒரு நூலையும், அதனைச் சேர்ந்து ஓதச் சில நண்பரையும் எவ்வூரிலும் பெறலாம். பருந்து எப்போது வரும் என்பதை எவரும் அறியார். அது வருமுன் நம் உள்ளத்தில் ஒரு நற்சொல் ஊன்றியிருக்க வேண்டும். அச்சொல்லைக் கற்றுத்தர மடத்துக் கிளிக்கு ஒரு தலைவி இருந்ததுபோல், நமக்கும் கூடியோதும் நண்பர் வேண்டும்.