தஞ்சை அரண்மனையும் கலைக்கூடமும்

 

தஞ்சை அரண்மனை 1951இல் கலைக்கூடமானது என்று எழுதுகிறார்கள். ஆண்டு சரிதான். ஆனால் அந்த மாற்றம் 1799இலேயே தொடங்கிவிட்டது என்பது என் கருத்து. அந்த ஆண்டில்தான் இரண்டாம் சரபோசி நாட்டின் ஆட்சியை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியாரிடம் ஒப்படைத்தார். மன்னர் என்ற பெயர் இருந்தது, ஆள நாடு இல்லை. மிஞ்சிய காலத்தை ஏடுகளிலும் நூல்களிலும் செலவிட்டார். சரசுவதி மகால் நூலகம் பெருகியது அப்போதுதான். தம் ஆசான் சுவார்ட்சுக்கு நினைவுச் சின்னம் வடிக்கச் சொல்லி இலண்டன் சிற்பி பிளாக்ஸ்மனிடம் கேட்டார். அது சிவகங்கைக் குளத்தருகே தேவாலயத்தில் இருக்கிறது. அதே சிற்பி செய்த சரபோசியின் வெண்பளிங்குச் சிலை அரண்மனையிலேயே, நாயக்கர் தர்பார் மண்டபத்தில் நிற்கிறது. 1855இல் அவர் மகன் இரண்டாம் சிவாசி ஆண் வாரிசின்றி இறந்ததும் அந்த வெறும் பட்டமும் போயிற்று.

கட்டடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொடங்கியவர்கள் நாயக்கர்கள், 1676க்குப் பின் வந்த மராட்டியர்கள் இடிக்காமல் ஒட்டிக் கட்டினார்கள். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான் பெரும்பகுதி. தூரத்திலிருந்து பார்ப்பவர் கூடகோபுரத்தைக் கோயில் விமானம் என்றே நினைப்பார். உள்ளே தெய்வம் கிடையாது, ஆயுதக் கிடங்கு! அரசன் கோயிலின் வடிவத்தை இரவல் வாங்கிய அந்த வளாகத்துக்குக் கோயில் தெய்வங்களே பின்னாளில் குடிவந்தன.

அப்படி வந்தவர்களில் முதலிடம் திருவெண்காட்டு ரிடபவாகனருக்கு, அதாவது சிவனின் செப்புத் திருமேனிக்கு. முதலாம் இராசராசன் காலத்தவர். கல்வெட்டு 1011ஆம் ஆண்டைச் சொல்கிறது. அம்மை அடுத்த ஆண்டு வந்தாள். ஒன்பது நூற்றாண்டு கழித்து மண்ணுக்குள்ளிருந்து இவர்கள் வெளிப்பட்டார்கள். சடையைத் தலைப்பாகைபோலச் சுற்றி, அதில் பாம்புகளை நெளியவிட்டு, ஒரு காலை மறுகாலுக்குக் குறுக்கே ஊன்றி நிற்கிறார். ஒரு கை முழங்கையில் மடிந்து, மணிக்கட்டு தளர்ந்து, எதன் மேலோ சாய்ந்திருக்கிறது. சாய்ந்த காளையைக் காணோம். அது இல்லாததாலேயே அந்தக் கையின் அழகு கூடித் தெரிகிறது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காளையின் திமிலுக்கென்று அளந்து வார்த்த கை அது. சிற்பி கண்ட இணையில் பாதியைத்தான் நாம் பார்க்கிறோம்.

தாராசுரம் கோயிலின் கற்சிற்பங்களுக்கும், உரிய துணையைப் பிரிந்து நிற்கும் இதே கதிதான். யானையின் தோலை உரித்து நிற்கும் சிவனையும், பிச்சாடனரைக் கண்டு ஆடை நெகிழ நிற்கும் முனிபத்தினியரையும் இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பாதுகாப்பு என்றால் இதைவிட நல்ல இடம் இல்லை, மறுக்கவில்லை. ஆனால் ஊரின் பெயரை மட்டும் சொல்லும் பலகை போதாது. எந்த மண்டபம், எந்தத் திசை, அருகே யார் நின்றார்கள் என்று ஒரு வரைபடமாவது ஒவ்வொரு சிற்பத்தின் பக்கத்திலும் இருக்க வேண்டும். உரியவர்கள் இதைச் செய்ய வேண்டும் என்று இந்த மேடையில் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, கலைக்கூடத்தைப் பார்த்த கையோடு தாராசுரத்துக்குப் பேருந்து ஏறிவிடுங்கள். ஒரு மணி நேரப் பயணந்தான்.