கூடுதலும் கூட்டுதலும்



ஆண்டு விழா அழைப்பிதழ் எழுதுங்கால் எழும் ஓர் ஐயத்தைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன். 'கெட் டுகெதர்' என்னும் ஆங்கிலத் தொடரை எவ்வாறு எழுதுவது? 'வீ ஷல் கெட் டுகெதர் ஆன் சண்டே' என்னுமிடத்து அது வினை. இரு சொற்களாகப் பிரித்தே எழுதல் வேண்டும். அந்நிகழ்ச்சிக்குப் பெயராக வருங்கால் இடையே சிறு கோடிட்டு இணைத்தல் மரபு. இவ்வளவே.

'கேதர் டுகெதர்' என்பதில் பின்னது மிகையென்று சிலர் அடித்துவிடுகின்றனர். அது கடுமையே. இரண்டும் ஒரே வேரினின்று கிளைத்தவை என்பது மெய். எனினும் 1611-ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்திலேயே அவ்விணைப்பு ஆளப்பட்டுள்ளது. நாமும் 'ஒன்றுகூடி' என்கின்றோமே! அதிலுள்ள 'ஒன்று' மிகையென்று எவர் நீக்கினார்?

ஆங்கிலத்தில் மக்கள் தாமே கூடினாலும், ஒருவர் அவர்களைக் கூட்டினாலும் 'கேதர்' ஒன்றே. தமிழோ தன்வினையையும் பிறவினையையும் வேறுபடுத்துகின்றது. மக்கள் கூடினர், தலைவர் மக்களைக் கூட்டினார். படை திரண்டது, மன்னன் படையைத் திரட்டினான். ஆதலின், 'பொதுக்குழு நாளை கூட்டும்' என்றெழுதினால், 'யாரைக் கூட்டும்?' என்று கேட்பது முறையே. (விளக்குமாறு கொண்டு கூட்டுவதும், இலையில் பரிமாறும் கூட்டும் வேறு இருக்கின்றன!)

ஆயினும் இடர் 'கூடு' என்பதிலும் உண்டு. 'மழை பெய்யக்கூடும்' என்னுமிடத்து அச்சொல் இயலுதலைக் குறிக்கும். 'கூடாது' விலக்கலைக் குறிக்கும். 'இன்று குழு கூடாது' என்னும் அறிவிப்பு, குழு இன்று கூடப்போவதில்லை என்கின்றதா, கூடுதல் தகாது என்கின்றதா? படகேறியே வந்து சேரவேண்டிய நம் லாங் ஐலண்டில் இவ்வையம் சிறிதன்று. அயல் தீவிலிருந்து வரும் அன்பரொருவர் சொல்லை நம்பி ஒரு நாளையே இழந்துவிடலாம். 'இன்று குழுக் கூட்டம் இல்லை' என்று தெளிவாக எழுதிவிட்டால் என்ன குறை?

இந்தி பொதுமொழியாக வழங்கும் இத்தீவுகளில் நம் சிறுவர் 'மீட்டிங் பண்ணினார்கள்' என்று சொல்லக் கேட்கின்றோம். அவர்களிடம் மதுரைக்குக் 'கூடல்' என்று பெயருண்டு எனச் சொல்லுங்கள். 'சங்கம்' வடசொல், 'கூடல்' நம் சொல். அடுத்த ஆண்டின் அழைப்பிதழில் 'கெட் டுகெதர்' என்னும் தலைப்பிற்கு மாறாக அச்சொல்லே இடம்பெறலாமா என்பதைச் செயற்குழுவின் முடிவிற்கு விடுகின்றேன்.