பிஸ்கட்டில் எழுதும் கைகள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)





"நீரிழிவைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள் டொக்டர்" என்றுதான் செயலாளர் என்னைக் கேட்டார். சரி என்றேன். ஆனால் நான் கையில் கொண்டு வந்திருப்பது ஒரு பெட்டி பிஸ்கட். முன்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. நீரிழிவுக்கும் வருவேன். அதற்கு முன் இந்தப் பாடசாலையில் நான் பட்ட ஒரு கடனைச் சொல்லவேண்டும்.

பழைய மனையியல் அறை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மூலையில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, கண்ணாடி அலுமாரியில் எண்ணி வைத்த பீங்கான்கள், சுவரில் உணவுக் கூட்டங்களின் படம். 1996இல் விருப்பப் பாடம் தெரிவு செய்யும்போது நான் விவசாயம் எடுத்தேன். உயிரியலுக்கு உதவும் என்றார்கள். என் பக்கத்தில் இருந்தவள் மனையியல் எடுத்தாள். நான் அவளிடம் கேட்டேன்: "பணியாரம் சுடுறதப் படிக்கவா புள்ள பள்ளிக்கு வாறாய்?" வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். நான் அதை மறந்துவிட்டேன்.

2021 கடைசியில், நான் வேலை செய்யும் விடுதியில் ஒரு தாதி ஓய்வு பெற்றார். எங்கள் குழுவாக ஒரு சிறிய விருந்து. கேக் எல்லோரும் வெட்டுவதுதானே, பெயர் எழுதிய பிஸ்கட் செய்விப்போம் என்று ஒரு பிள்ளை தாதி சொன்னாள். யாரோ தந்த வட்ஸ்அப் இலக்கத்துக்கு முப்பது பிஸ்கட் ஓடர் கொடுத்தேன். எடுக்கப் போனபோது கதவைத் திறந்தவள் அவள்தான். ஸ்டெதஸ்கோப் வடிவில் பத்து, தாதியின் தொப்பி வடிவில் பத்து, பெயர் எழுதிய இதயம் பத்து. அச்சடித்தது போல இருந்தது. விலையைச் சொன்னாள். பழக்க தோஷத்தில், "கூட்டாளிக்குக் கழிவு இல்லையா?" என்று கேட்டேன்.

"பணியாரம் சுடப் படிச்சது புள்ள. கழிவு இல்ல" என்றாள். இருபத்தைந்து வருடம் அவள் அதை மறக்கவில்லை. முழுக் காசையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிறகு அடிக்கடி அவள் வீட்டுக்குப் போவேன். அந்த வேலையைப் பார்த்த பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. பட்டர், சீனி, முட்டை, கோதுமை மா. குழைத்த மாவைக் குளிரூட்டியில் வைத்து இறுக்கித்தான் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் போறணைச் சூட்டில் ஓரம் பரந்து, தொப்பி தொப்பியாக இராது. எல்லாம் ஒரே தடிப்பு, ஏறக்குறைய 6 மில்லிமீற்றர். பிறகு ஐசிங். ஓரக்கோடு போட இறுக்கமான ஐசிங், உள்ளே நிரப்ப இளக்கமான ஐசிங். நிரப்பும் ஐசிங்கில் கத்தியால் ஒரு கோடு கீறினால் பதினைந்து விநாடி அளவில் அது மறைய வேண்டும். முந்தி மறைந்தால் வழியும், பிந்தினால் மேடு பள்ளமாகும். அதன் பின் ஒரு முழு இரவு காய வேண்டும். நமது ஊரின் கடற்காற்றில் அதுவும் போதாது, விசிறி வேண்டும். காயமுன் மேலே எழுதினால் சிவப்பு வெள்ளைக்குள் ஊறிவிடும். முப்பது பிஸ்கட்டுக்கு மூன்று நாள்.

"இந்தக் கை எங்க பழகின?" என்று கேட்டேன். "பெருநாளைக்கு உங்களுக்கெல்லாம் மருதோண்டி போட்டது ஆரு?" என்றாள். உண்மைதான். ஐசிங் பைக்கும் மருதோண்டிக் கோனுக்கும் பிடி ஒன்றுதான். பெருநாளுக்கு மருதமுனைச் சேலைக் கரை போல ஒரு பிஸ்கட் செய்கிறாள். நெசவுக்காரரே பார்த்தாலும் கரையை அடையாளம் காண்பார்.

பிறந்தநாள் கொண்டாடலாமா கூடாதா என்பதில் நம் ஊர்களில் இரண்டு கருத்து உண்டு. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. அவளுக்கு வரும் ஓடர்கள் அத்தோடு நிற்பதுமில்லை. குர்ஆன் ஓதி முடித்த பிள்ளை, புலமைப்பரிசில் பாஸான பிள்ளை, ஆசிரியர் தினம், இல்ல விளையாட்டுப் போட்டியில் வென்ற இல்லத்தின் நிறம். கிரிக்கெட் கழகம் கிண்ணம் வென்றால் பதினொரு பேருக்கும் அவரவர் இலக்கம் போட்ட ஜேர்சி பிஸ்கட். அந்த ஜேர்சி அச்சு கடையில் இல்லை. பால்மா ரின்னை வெட்டி அவளே வளைத்தது. அறுகம்பையில் சீசன் காலத்தில் அலைப்பலகை வடிவம். அதற்கு விருந்தினர் விடுதிகளிலிருந்து கேட்பு வரும்.

2022ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. சமையல் எரிவாயு இல்லை. பால்மாவுக்கு வரிசை. மின்சாரப் போறணையையும் விசிறியையும் நம்பியவள் என்ன செய்வாள்? மின்சாரம் வரும் நேரத்தைப் பார்த்து நடுச்சாமத்தில் எழும்பிச் சுட்டாள். ஐசிங் காயாமல் இரண்டு ஓடர்களை வீசினாள். ஆனால் மகளின் ரியூஷன் காசு ஒரு மாதமும் நிற்கவில்லை. அந்த மகள் இன்று பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள்.

இனி நான் சொல்ல வந்த விடயம். 2023இல் ஒரு நாள் அவள் எனக்கு ஒரு படம் அனுப்பினாள். பிஸ்கட்டில் தங்கம் போல மினுங்கப் பூசும் பொடி. டப்பாவில் ஆங்கிலத்தில் இரண்டு வரி: "நச்சற்றது", "அலங்காரத்துக்கு மட்டும்". கீழே அவள் கேள்வி: "டொக்டர், நச்சில்ல எண்டு போட்டிருக்கு. தின்னலாம் எண்டு போடல்லயே. சேர்மானமும் எழுதல்ல. என்ன அர்த்தம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மருத்துவப் படிப்பில் இதை யாரும் சொல்லித் தரவில்லை. தேடி வாசித்தேன். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2021 ஒக்டோபரில் ஒரு அறிக்கை வெளியிட்டிருந்தது. 2018இல் றோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு பிறந்தநாள் விருந்தில் கேக் சாப்பிட்ட ஆறு பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றோட்டமும். கேக்கின் தங்க மினுக்கத்தில் இருந்தது செப்பு. 2019இல் மிசூரி மாநிலத்தில் ஒரு வயதுப் பிள்ளையின் இரத்தத்தில் ஈயம் கூடியிருந்தது. அங்கேயும் பிறந்தநாள் கேக், அலங்காரப் பொடி. "நச்சற்றது" என்றால் "உண்ணலாம்" என்று பொருளல்ல என்பதே அந்த அறிக்கையின் எச்சரிக்கை. உண்ணத் தகுந்த பொடியின் டப்பாவில் அப்படி எழுதியிருக்கும், சேர்மானப் பட்டியலும் இருக்கும்.

"பூசாதே" என்று அவளுக்கு எழுதினேன். எழுதிய பிறகுதான் என் நெஞ்சு திடுக்கிட்டது. எங்கள் விடுதி விருந்தின் இதயங்களில் மினுங்கியதும் அதே பொடிதான். நான் தின்றேன், என் பிள்ளைக்கும் கொடுத்தேன். அல்ஹம்துலில்லாஹ், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டப்பாவைப் பார்க்கவேண்டும் என்று எங்கள் விடுதியில் டொக்டர், தாதி ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியது அவளுக்கு. எப்படி என்று கேட்டேன். "மனையியல் டீச்சர் லேபிளை வாசிக்காம ஒரு போத்தலத் திறக்க உட்டாவா?" என்றாள்.

அந்த நேரம் அவள் கையில் நாற்பது பிஸ்கட் ஓடர் இருந்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு சகோதரி, ஊரிலுள்ள தன் தங்கையின் பிள்ளைக்கு முதலாவது பிறந்தநாளுக்குக் கேட்டது. தங்கக் கிரீடம்தான் வேண்டும் என்றார். இவள் மஞ்சள் நிறத்தில் செய்து தருகிறேன் என்றாள். "மற்ற ஆக்கள் எல்லாம் தங்கம் பூசித்தானே குடுக்காங்க" என்று சொல்லி அவர் வேறிடம் போனார். சுட்டு வைத்த நாற்பதும் வீட்டில் நின்றன. அந்த மாதம் அவளுக்கு நட்டம். அந்தச் சகோதரி திரும்பி வரவுமில்லை. நான் ஒரு சொல் எழுதினேன், விலையை அவள் கொடுத்தாள். இதை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே, செய்பவர்களுக்கும் செய்விப்பவர்களுக்கும் ஒரு வைத்தியராக நான்கு சொல் சொல்கிறேன்.

முதலாவது, சேர்மானம் எழுதாத பொடியையும் நிறத்தையும் வாங்காதீர்கள். கடும் சிவப்பு, கறுப்பு கேட்காமல் இளநிறம் கேளுங்கள். கடும் நிறத்துக்கு அதிகச் சாயம் போகும். டார்ட்ரசின் உட்பட ஆறு செயற்கை நிறங்கள் சேர்ந்த உணவில், சிறுவரின் கவனத்தையும் நடத்தையையும் அது பாதிக்கக்கூடும் என்று எழுதவேண்டும் என 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம் உண்டு.

இரண்டாவது, ஐசிங்குக்குப் பச்சை முட்டை வெள்ளைக்கரு அடிப்பது பழைய முறை. அதில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். ஐசிங் அடுப்பில் வேகுவதில்லை என்பதை நினைவில் வையுங்கள். கிருமி நீக்கிய வெள்ளைக்கருத் தூளைப் பாவியுங்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இது முக்கியம்.

மூன்றாவது, பெட்டியில் பட்டர், முட்டை, கோதுமை, கச்சான், கஜு என்று உள்ளதை எழுதுங்கள். ஒவ்வாமையுள்ள பிள்ளைக்கு அந்த ஒரு வரி உயிர். கடினமான வெள்ளி மணிகளைச் சின்னஞ்சிறு பிள்ளைகளின் பிஸ்கட்டில் வைக்காதீர்கள், தொண்டையில் சிக்கும்.

நான்காவது, செயலாளர் கேட்ட நீரிழிவு. உள்ளங்கை அளவு பிஸ்கட் ஒன்றை நிறுத்துக் கணக்குப் பார்த்தேன். மாவிலும் ஐசிங்கிலும் சேர்த்து 20 கிராமுக்கு மேல் சீனி. வளர்ந்த ஒருவர் சேர்த்த சீனியை நாளுக்கு 25 கிராம் அளவுக்குள் வைத்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. எனவே ஒருவருக்கு ஒன்று. அதைப் பாதியாகப் பகிர்ந்தால் இன்னும் நல்லது. சிறிய அச்சில் செய்தால் அழகும் குறையாது. அவள் இப்போது அப்படித்தான் செய்கிறாள்.

வெளிநாட்டிலிருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஊரில் ஒரு பெண்ணிடம் ஓடர் கொடுக்கும்போது, "ஒரு பிஸ்கட்டுக்கு இவ்வளவா?" என்று கேட்குமுன் அந்த மூன்று நாளை எண்ணிப் பாருங்கள். பாதிக் காசை முற்பணமாக அனுப்புங்கள். அவள் ஒரு பொருளைப் பூசமாட்டேன் என்று சொன்னால், அப்படிச் சொல்பவளிடமே அடுத்த முறையும் வாங்குங்கள்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். நமது புலமைப்பரிசில் நிதி இதுவரை பெரும்பாலும் விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைகளுக்கே போயிருக்கிறது. அதில் பயன்பெற்றவர்களில் நானும் ஒருத்தி, ஆகவே சொல்ல எனக்கு உரிமை உண்டு. இந்த ஆண்டிலிருந்து ஒரு பங்கை மனையியல் பிள்ளைகளுக்கும் ஒதுக்குங்கள். பேக்கரித் தொழிலுக்குத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் இருக்கிறது. அதைப் பெற விரும்பும் பிள்ளைக்குப் பயிற்சிக் காலத்தின் பஸ் காசையாவது கொடுங்கள். அந்த அறைக்கு ஒரு நல்ல போறணையும் வேண்டும். முதல் தொகையை நான் தருகிறேன். அதைக் கடன் தீர்ப்பு என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தப் பெட்டியில் பாடசாலைச் சின்னம் பொறித்த சின்னப் பிஸ்கட் ஆளுக்கு ஒன்று இருக்கிறது. தங்கம் இல்லை, வெறும் மஞ்சள்தான். செய்தவள் கடைசி வரிசையில் இருக்கிறாள். பெயர் சொல்லக்கூடாது என்று கட்டளை. தின்று பார்த்துவிட்டு நீங்களே தேடிப் போய்ச் சொல்லுங்கள். கழிவு மட்டும் கேட்காதீர்கள்.

வஸ்ஸலாம்.