ஒக்டோபர் சொல்லும் கணக்கு
(பதுளையில் நடைபெற்ற நினைவுக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



நமுனுகுல மலையில் ஐப்பசி மேகம் கவிந்துவிட்டது. ஊவாவிற்கு மழை இறங்கும் காலம் இது. ஒக்டோபர் மாதத்தை நாம் எளிதாகக் கடந்துவிட முடியாது. நம் வாழ்வைத் திசைதிருப்பிய நாட்கள் பல இந்த ஒரே மாதத்தில் வந்து விழுந்திருக்கின்றன. அவற்றை ஆண்டு வரிசையில் நினைவுகூர்வோம்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசின் சார்பில் 7 பேரை நாம் பாராளுமன்றத்திற்கு அனுப்பினோம். மறு ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. காட்டை வெட்டித் தேயிலை நட்டவனின் பேரன் ஒரே சட்டத்தினால் நாடற்றவன் ஆனான். அடுத்து வாக்குரிமையும் பறிபோயிற்று.

1964 ஒக்டோபர் 30. புதுடில்லியில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவிற்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். அந்தப் பின்னர் 1974இல் வந்தது. பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். ஆட்டு மந்தையைப் பங்கிடும்போதுகூட தாயையும் குட்டியையும் சேர்த்துப் பார்ப்பார்கள். இங்கே அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு என்றாயிற்று. தலைமன்னாருக்குப் புறப்பட்ட இரயிலுக்கு நம் மக்கள் வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. அந்தப் பெயரைவிட வேறு வரலாறு எழுத வேண்டுமா?

ஒப்பந்தம் கைச்சாத்தாகி 35 ஆண்டுகள் நிறைந்த அதே நாளில், 1999 ஒக்டோபர் 30இல், சௌமியமூர்த்தி தொண்டமான் மறைந்தார். அவருடைய அரசியலை ஏற்றவரும் உண்டு, எதிர்த்தவரும் உண்டு. ஆயினும் நாடற்றவர் என்ற சொல் முற்றாக அழிந்த நாளைக் காண அவர் இருக்கவில்லை.

2000 ஒக்டோபர் 25. நம் பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமிற்குள் ஒரு கும்பல் புகுந்தது. அங்கிருந்த 41 பேரும் அரசின் காவலில் இருந்தவர்கள். பொலிசார் நின்றிருந்தும் 20க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்டனர். 2005இல் வழக்கு உயர் நீதிமன்றத்தில் முடிந்தபோது, அக்கொலைகளுக்காகத் தண்டனை பெற்று நின்றவர் ஒருவருமில்லை.

2003 ஒக்டோபர் 7. இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் பாராளுமன்றத்தில் எதிர்ப்பின்றி நிறைவேறியது. யாருக்கு உரிமை? 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்தோருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் என்றது சட்டம். நம்மைப் பங்கிட்ட அதே நாள், நாம் இந்த மண்ணுக்குரியவர்கள் என்பதற்கு அத்தாட்சி ஆயிற்று! அன்று நாம் மகிழ்ந்தோம், மகிழ வேண்டியதே. நாடு கிடைத்தது.

நிலம் கிடைத்ததா?

இக்கேள்விக்கு 2014 ஒக்டோபர் 29 விடை சொன்னது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் காலைப் பொழுதில் மலை சரிந்து லயங்களை மூடியது. மாண்டோரும் காணாமற்போனோரும் 30க்கும் மேற்பட்டோர். பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த மலை வஞ்சகமாகச் சரிந்ததன்று. அங்கே மண்சரிவு அபாயம் உண்டென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது.

பின் ஏன் அவர்கள் வெளியேறவில்லை என்று பட்டணத்தில் கேட்டார்கள். எங்கே போவது தோழர்களே? சொந்தக் காணி உள்ளவன் விற்றுவிட்டுப் போவான். உறுதி உள்ளவன் வங்கியில் ஈடு வைத்து வேறிடத்தில் வீடு கட்டுவான். லயத்துக் காம்பராவிற்கு உறுதியும் இல்லை, விலையும் இல்லை. தேயிலைத் தொழிற்சாலையிலும் தற்காலிக இருப்பிடங்களிலும் காத்திருந்தவர்களுக்குப் புதிய வீடு கிடைக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சென்றன. அவர்கள் அனைவரும் பிரசைகள்தாம். ஆயினும் பிரசாவுரிமைப் பத்திரம் மலையைத் தாங்கி நிற்காது.

ஒக்டோபர் சொல்லும் கணக்கு இதுதான்: நம்மை எண்ணினார்கள், பங்கிட்டார்கள், பின்னர் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் நாம் குடியிருக்கும் மண்ணை நமதென்று எழுதிக் கொடுக்கும் வேலை முடியவில்லை.

இங்கே வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள். உங்களிற் பலர் லயத்து விளக்கொளியில் படித்தவர்கள். வீடு கையளிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்திடமும் உறுதி இருக்கிறதா என்று தோட்டந் தோறும் சென்று பாருங்கள். ஆசிரியர்களே, உங்கள் பாடசாலைப் பிள்ளைகளில் எத்தனை பேர் அபாய மலையின் கீழ் உறங்குகிறார்கள் என்று பட்டியல் எழுதுங்கள். வெலிமடையில் கிழங்கு பயிரிடும் விவசாயத் தோழர்களே, உறுதியில்லாக் காணியின் துன்பத்தை உங்களிடம் நாம் விளக்க வேண்டியதில்லை. எங்கள் கோரிக்கையோடு உங்கள் குரலையும் சேருங்கள்.

இம்மாதம் நாம் ஏற்றும் தீபம் நல்லதே. ஆனால் மீரியபெத்தையில் மாண்டவர்கள் நம்மிடம் கேட்பது தீபம் மட்டுமன்று. அடுத்த ஐப்பசி மழைக்கு முன் இன்னொரு லயமாவது பாதுகாப்பான மண்ணில், அதில் வாழ்வோரின் பெயரில் எழுதப்பட்ட வீடுகளாக மாறட்டும். அதற்கான விண்ணப்பத்தில் முதற் கையொப்பம் இக்கூட்டம் கலையுமுன் விழட்டும்.