பகிடிக்குப் பதில் பகிடி

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பேசுகிறவர்கள் கல்லூரியின் புகழைச் சொல்வதுதான் வழமை. எனக்கு முன்பு பேசியவர்கள் அதைக் குறைவின்றிச் செய்துவிட்டார்கள். ஆகவே செயலாளர் எனக்கு அளந்து தந்திருக்கும் நேரத்தில் நான் பகிடியைப் பற்றிப் பேசப்போகிறேன். பெண்களைப் பற்றிய பகிடியையும், பெண்கள் அதற்குச் சொன்ன பதில் பகிடியையும் பற்றி.

பெண்களுக்கு நகைச்சுவை வராது என்று ஊரில் ஒரு கதை உண்டு. பெண்கள் பாடசாலை விடுதியின் சாப்பாட்டறையில் ஒரு நேரம் இருந்தவர் அந்தக் கதையை நம்பமாட்டார். பகிடி விட்டதும் நாங்கள்தான், சிரித்ததும் நாங்கள்தான், அதற்காக வகுப்புக்கு வெளியே நின்றதும் நாங்கள்தான். படலையைத் தாண்டிய பிறகுதான் பகிடியிலும் வேலைப்பிரிவினை உண்டென்று தெரிந்தது. ஆண்கள் சொல்வார்கள், பெண்கள் சிரிக்க வேண்டும். எங்களைப் பற்றிய பகிடியென்றால் கொஞ்சம் கூடுதலாகச் சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் "பகிடி விளங்காத மனுசி" என்ற பட்டம் கிடைக்கும். அந்தப் பட்டத்துக்குப் பல்கலைக்கழகம் போகத் தேவையில்லை.

இதை நான் பேச எடுத்துக்கொண்ட களம், உங்களில் பலருடைய பிள்ளைகளுக்கு நன்கு தெரிந்த இணையச் சித்திரக்கதைகள். பத்திரிகையில் ஒரு சித்திரத்தொடர் வரவேண்டுமானால் ஆசிரியர் ஒருவர் ஓமென்று சொல்ல வேண்டும். இணையத்தில் அப்படி வாசற்காவலர் எவரும் இல்லை. 1998 இல் அமெரிக்காவில் தொடங்கிய 'பென்னி ஆர்கேட்' போன்ற தொடர்கள் பெரும் வாசகர் கூட்டத்தைத் திரட்டின. அவற்றைப் பார்த்து இன்னும் பலர் வரையத் தொடங்கினார்கள். காவலர் இல்லாத வாசலால் முதலில் உள்ளே வந்தவர்கள் யார்? வீட்டில் கணினியும் கையில் நேரமும் இருந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் வீடியோ விளையாட்டில் ஊறிய இளைஞர்கள். ஆகவே வீடு புதிது, தளபாடம் பழையது. சோபாவில் இரண்டு பெடியன்கள் இருந்து விளையாடுவார்கள். பெண் உள்ளே வந்தால் அவளுக்கு இருந்தவை மூன்றே மூன்று வேலைகள்: கவர்ச்சியாக நிற்பது, காதலியாக இருப்பது, விளையாட்டை நிறுத்தச் சொல்லி ஏசுவது. எல்லாத் தொடர்களும் அப்படியில்லை. ஆனாலும் அந்தச் சோபா ஒரு தேய்ந்த அச்சாகி, பிறகு அதுவே கேலிக்குரியதாகிவிட்டது.

அந்த வகைத் தொடர்களில் ஒன்று 2002 இல் தொடங்கிய 'கொன்ட்ரோல் ஆல்ட் டிலீட்'. 2008 ஜூன் 2 ஆம் திகதி அதில் வசனமே இல்லாத நாலு கட்டங்கள் வெளிவந்தன. நாயகன் வைத்தியசாலைக்குள் ஓடி வருகிறான். வரவேற்பில் விசாரிக்கிறான். வைத்தியருடன் பேசுகிறான். கடைசிக் கட்டத்தில் அவனுடைய காதலி கருச்சிதைவுற்றுக் கட்டிலில் அழுதபடி கிடக்கிறாள். நாலு கட்டத்திலும் அவன் இருக்கிறான். அவள் ஒன்றில்தான். இழப்பு அவளுடையது, கதை அவனுடையது.

பகிடித் தொடரில் திடீரென வந்த இந்தச் சோகத்தை இணையம் ஆயிரம் விதமாகக் கேலி செய்தது. கடைசியில் படங்களையே விட்டுவிட்டு வெறும் கோடுகளாக வரைந்தார்கள். நிற்பவருக்கு நெடுங்கோடு. படுத்திருப்பவளுக்குக் கிடைக்கோடு. கேலி போய்ச் சேர்ந்தது வரைந்தவரிடம், அது சரிதான். ஆனால் அந்தப் பெண் கேலியிலும் எழும்பவில்லை. முன்பு கட்டிலில் கிடந்தாள், இப்போது கோடாகக் கிடக்கிறாள். ஆகவே, பிழையைப் பார்த்துச் சிரிப்பவர்கள் எல்லாரும் பிழையைக் கண்டுகொண்டவர்கள் என்று நாம் நினைத்துவிடக் கூடாது.

கண்டுகொண்டவர்களும் இருந்தார்கள். அதே 2008 இல் ரண்டல் மன்றோ என்பவர் 'எக்ஸ்.கே.சி.டி.' என்ற தன் தொடரில் இரண்டு கட்டங்கள் வரைந்தார். அவர் பௌதிகவியல் பட்டதாரி, குச்சி மனிதர்களைத்தான் வரைவார். முதற் கட்டத்தில் ஓர் ஆண் கரும்பலகையில் கணக்கைப் பிழையாகச் செய்கிறான். பார்த்திருப்பவன், உனக்குக் கணக்கு ஓடாது என்கிறான். இரண்டாம் கட்டத்தில் ஒரு பெண் அதே கணக்கில் அதே பிழையை விடுகிறாள். இப்போது அவன் சொல்வது, பெண்களுக்கே கணக்கு ஓடாது என்று. அவ்வளவுதான். கணித ஆசிரியைகள் பலர் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்கு இதற்கு உரை தேவைப்படாது.

நான் அதிகம் சொல்ல விரும்புவது கனடாவின் கேப் பிரெட்டனில் பிறந்த கேற் பீற்றனைப் பற்றி. வரலாறு படித்தவர். 2007 இல் இணையத்தில் 'ஹார்க்! எ வேக்ரன்ட்' என்ற தொடரைத் தொடங்கினார். "வலிமையான பெண் பாத்திரங்கள்" தங்களிடம் உண்டென்று சித்திரக்கதைக்காரரும் சினிமாக்காரரும் பெருமை பேசிய காலம் அது. பீற்றன் இரண்டு தோழியருடன் சேர்ந்து அப்படியான மூன்று பெண்களை உருவாக்கினார். உடுப்பு அரைவாசி, துவக்கு முழுசு, மூளைக்கு இடமில்லை. வலிமை என்றால் ஆவேசமாக நிற்பதுதான் என்று நம்பும் மூன்று பேர். அவர்களைப் பார்த்தபின் அதே மாதிரிப் பாத்திரத்தை மீண்டும் நேர்முகத்தோடு பார்ப்பது கடினம். இன்னொரு படத்தில் அலுமாரிக்குள் பேய் இருப்பதாகப் பிள்ளைகள் நடுங்குகிறார்கள். கதவைத் திறந்து வருவது பேயல்ல, பெண்ணியவாதி. நிசப் பெண்ணியவாதியுமல்ல, பிள்ளைகளை வெருட்டுவதற்காக மற்றவர்கள் வைக்கோலால் செய்துவைத்த பொம்மை. நம் ஊர்களில் பிள்ளைபிடிகாரன் செய்த வேலையை அங்கே பெண்ணியவாதி செய்கிறாள்.

நான் மிகவும் விரும்புவது புறொன்ரே சகோதரிகளின் படம். 'ஜேன் எயர்' படித்த எவருக்கும் இது உறைக்கும். சார்லொட்டும் எமிலியும் வீதியில் போகிற முரட்டு ஆண்களைப் பார்த்துச் சொக்கிப் போகிறார்கள். முறைப்பும் குடியும் அவர்களுக்கு ஆழமான காதலாகத் தெரிகிறது. தங்கை ஆன் மட்டும், இவன் வெறும் குடிகாரன் அல்லவா என்று கேட்கிறாள். இந்தப் பகிடிக்குப் பின்னால் ஒரு உண்மை உண்டு. குடிகாரக் கணவனை விட்டுப் பிள்ளையோடு வெளியேறும் பெண்ணைப் பற்றி ஆன் 1848 இல் நாவல் எழுதினார். மறுவருடம் அவர் இறந்தபின், அந்த நூலை மீண்டும் பதிப்பிப்பதைச் சார்லொட்டே விரும்பவில்லை. பெண்ணின் குரலை அடைக்க எப்போதும் ஆண் வரத் தேவையில்லை. சில வேளை அக்காவே போதும்.

இதே காலத்தில் சிட்னி படுவா என்ற பெண், கணினி நிரலாக்கத்தின் முன்னோடியாகப் போற்றப்படும் எய்டா லவ்லேஸின் வாழ்வை 2009 இல் சிறு சித்திரக்கதையாக வரைந்தார். எய்டா 36 வயதிலேயே இறந்தவர். பபேஜின் பெரிய கணிப்பொறியும் கட்டப்படவில்லை. அந்த முடிவு பொறுக்காமல், இருவரும் பொறியைக் கட்டிச் சாகசம் செய்வதாகப் படுவா பகிடிக்கு ஒரு முடிவை வைத்தார். வாசகர்கள் தொடரும் என்றே நம்பிவிட்டார்கள். 2015 இல் அது புத்தகமாகவே வந்தது.

சிரிக்க வைக்கிறவர்களுக்கு வலி தெரியாது என்று எண்ணாதீர்கள். பல்கலைக்கழகக் கடனை அடைப்பதற்காகப் பீற்றன் அல்பேர்ட்டாவின் எண்ணெய் மணல் முகாம்களில் வேலை செய்தவர். ஆண்கள் நிறைந்து பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள் அவை. அங்கே கேட்ட "பகிடிகளையும்", பகிடியோடு நிற்காத கொடுமைகளையும் 2022 இல் 'டக்ஸ்' என்ற நூலில் வரைந்தார். அடுத்த ஆண்டு அதற்கு ஐஸ்னர் விருது கிடைத்தது. அந்த நூலில் சிரிப்பு குறைவு. ஆனால் அதைப் படித்தபின் அவருடைய பழைய பகிடிகளைத் திரும்பப் பார்த்தால், அவை பொழுதுபோக்காக வரையப்பட்டவை அல்ல என்பது விளங்கும். அந்த இடத்தில் வாய்திறந்து சொல்ல முடியாத ஒருத்தி, கையால் சொன்ன பதில்கள் சில அவற்றில் இருக்கின்றன.

சகோதரிகளே, நூற்றாண்டுக்காக நாங்கள் மண்டபத்துக்குக் கூரை போடுகிறோம், புலமைப்பரிசில் வைக்கிறோம். நல்லது. இவற்றோடு சங்கத்திடம் செலவில்லாத ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். கல்லூரி மலரில் ஆண்டுதோறும் நாலு பக்கத்தை மாணவிகளின் பகிடிப் படங்களுக்கு ஒதுக்குங்கள். அதில் பழைய மாணவிகளாகிய எங்களைக் கேலி செய்யவும் அனுமதி கொடுங்கள். சேலைத் தலைப்பால் வாயை மூடிச் சிரிக்கப் பழகியவர்கள் நாங்கள். பின்வரிசையில் நிற்கும் பிள்ளைகள் பகிடி சொல்லப் பழகட்டும். வெளியே போனபின் அவர்களுக்கு அது தேவைப்படும்.

பின்வரிசையில் இப்போதே யாரோ என்னை வரைந்துகொண்டிருப்பது தெரிகிறது. மூக்கை மட்டும் கொஞ்சம் சிறிதாக வரையுங்கள் பிள்ளை.