மறுத்து நிற்க ஒரு கூரை



சிதம்பரம் நடராசர் கோயிலுக்கு மேற்கே இளமையாக்கினார் கோயில் இருக்கிறது. திருநீலகண்ட நாயனாரும் அவர் மனைவியும் அதன் குளத்தில் மூழ்கி எழுந்து இளமை பெற்றார்கள் என்பது ஊர் வழக்கு. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம் அந்த வரலாற்றைச் சொல்கிறது. தில்லை எனும் சிதம்பரத்தில் மண்கலம் வனைந்து, அடியார்களுக்குத் திருவோடு கொடுத்து வந்த குயவர் அவர். ஒருநாள் பரத்தையிடம் போய்த் திரும்பினார். மனைவி தாய்வீட்டுக்குக் கிளம்பவில்லை. வீட்டு வேலை ஒன்றையும் குறைக்கவில்லை. தன்னைத் தொடக்கூடாது என்று சிவனின் திருநீலகண்டத்தின் மேல் ஆணை வைத்தார். இருவரும் மூப்படையும் வரை அந்த ஆணை நின்றது.

பிற்காலம் கொண்டாடியது கணவரின் உறுதியை. மறுத்த அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நூல் சொல்லவில்லை.

அயலார் யாருக்கும் அவர்கள் நிலை தெரியாது. யோகியாக வந்த இறைவன் கொடுத்துவைத்த ஓடு காணாமற்போய், தில்லைவாழ் அந்தணர் அவைக்கு வழக்கு சென்றது. மனைவியின் கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். மூங்கில் கோலின் இரு முனைகளைப் பிடித்து நின்றபோதுதான், காரணத்தைக் கணவர் ஊரறியச் சொன்னார்.

அவர் ஆணையை மதித்தவர். அதனால் அவள் மறுப்பு நிலைத்தது. மதிக்காத கணவன் வாய்த்தவள் என்ன செய்வாள்?

2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, மணமான பெண்களில் நூற்றுக்குச் சுமார் 38 பேர் கணவரால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்து, அதன் எண்ணெய் பட்டுக் கை வெந்தவளும், கடலூர் முதுநகரில் விடியுமுன் மீன் கூடை தூக்குகிறவளும் உழைப்பில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் குடித்துவிட்டு வருகிறவன் கூலியைப் பிடுங்கும்போது அந்த உழைப்பு அவளைக் காப்பதில்லை. இப்படிப்பட்ட வீடுகளில் எதிர்ப்பு சிறிதாகவே தொடங்கும். கூலியில் கொஞ்சம் ஒளித்துவைப்பாள். மகளிர் குழுவில் தன் பெயரில் சேமிப்பாள். பக்கத்து வீட்டு அக்காவிடம் வாய் திறப்பாள். காவல் நிலையப் படி ஏறுவது கடைசியில்தான். 'வீட்டை விட்டு வெளியே போடி' என்ற ஒரு சொல் அவளை மறுபடி அடக்கிவிடும். போக இடமில்லை.

இந்த அச்சத்துக்கு மறுமொழியாக வந்தது 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம். 2006 அக்டோபர் 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அடி மட்டுமல்ல, வசைச்சொல்லும் கூலியைப் பறிப்பதும் அதன்படி வன்முறையே. வீடு யார் பெயரில் இருந்தாலும், கணவனோடு சேர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை மனைவிக்கு உண்டு. பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை. மாமனார் பெயரில் உள்ள வீட்டுக்கும் இந்தக் குடியிருப்பு உரிமை செல்லும் என்று 2020 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது.

கடலூர் மாவட்டத்து நெய்வேலியின் சொத்து வழக்கொன்று இன்னும் ஒரு படி முன்னே போனது. கணவர் சவுதி அரேபியாவில் சம்பாதித்து அனுப்பினார். மனைவி இங்கே பிள்ளைகளை வளர்த்துக் குடும்பத்தை நடத்தினார். சொத்தெல்லாம் தன் பணத்தில் வந்தது என்றார் கணவர். 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, விடுமுறையில்லாத இல்லத்தரசியின் உழைப்பும் அந்தச் சொத்தில் இருக்கிறது என்று ஏற்று, குறிப்பிட்ட சொத்துகளில் அவருக்குச் சரிபாதி அளித்தார். அடுப்படியில் கழிந்த ஆண்டுகளுக்கும் சொத்தில் பங்குண்டு என்று ஒரு நீதிமன்றம் எழுதிவைத்தது பெரிய காரியம். ஆனால் அது ஒரு தீர்ப்பு. நாடாளுமன்றம் அதைச் சட்டமாகவே எழுத வேண்டும்.

அதுவரை கையில் இருப்பதைப் பயன்படுத்துவோம். மகளிர் உதவி எண் 181. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். அடிபடுகிறவளே வந்து சொல்ல வேண்டும் என்பதும் இல்லை. சுவருக்கு அப்பால் அழுகை கேட்கும் எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தந்தவர் மேல் எந்த வழக்கும் வராது என்று குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு உறுதி தருகிறது. கேட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.